பிரவுசரிலேயே ஒலியோடு விளையாடும் தளங்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு எது உருப்படியானது?

மணி_காரைக்குடி:

வணக்கம். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஒலி பாடம் நடத்தும்போது அதிர்வெண், வீச்சு என்று கரும்பலகையில் அலை வரைந்து காட்டுவேன். பிள்ளைகள் வரைபடத்தை அப்படியே எழுதிவிடுகிறார்கள், ஆனால் அந்தக் கோட்டுக்கும் காதில் விழுவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால் கம்ப்யூட்டர் லேபில் குரோம் மியூசிக் லேப் தளத்தைத் திறந்து விட்டேன். கூகுள் 2016-ல் வெளியிட்டது. லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது. பள்ளிக்கு இந்த மூன்றும் முக்கியம்.

அதில் ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒன்று இருக்கிறது. மைக் பட்டனை அழுத்திப் பேசினால், சத்தத்தில் எந்தெந்த அதிர்வெண் கலந்திருக்கிறது என்று வண்ணமாக ஓடும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதலில் விசிலடித்தாள்: ஒற்றைக் கோடு, மேலே போனால் கோடும் மேலே போகிறது. பிறகு 'ஸ்ஸ்' என்று இழுத்தாள்: கோடே இல்லை, உச்சியில் ஒரு புகை. 'ஷ்ஷ்' என்றதும் அந்தப் புகை கீழே இறங்கியது. "சார், ரெண்டும் ஒரே மாதிரி காத்துதானே, அப்புறம் ஏன் எறங்குது?" என்று கேட்டாள். நாக்கு பின்னால் போவதால் முன்னால் இருக்கும் வெளி பெரிதாகிறது, அதனால் அதிர்வெண் குறைகிறது என்று சொன்னேன். உடனே எல்லோரும் வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி ஒரு வகுப்பு எனக்கு அபூர்வம்.

அதே தளத்தில் இருக்கும் சாங் மேக்கரையும் காட்டினேன். கட்டத்தைத் தொட்டால் சுரம், கீழே இரண்டு வரிசை தாளம். அதைத் திறந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. என் கேள்வி இதுதான்: அவர்கள் அதில் இசை கற்றுக்கொள்கிறார்களா, அல்லது வண்ணம் பூசுகிறார்களா? இசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேறு நல்ல தளங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

கபிலன்90:

இன்கிரெடிபாக்ஸ் பாருங்க சார். பிரான்ஸ்காரங்க 2009-ல ஆரம்பிச்சது. வரிசையா நிக்கிற ஆளுங்களுக்கு ஐகானை இழுத்துப் போட்டா ஒருத்தர் பீட்பாக்ஸ், ஒருத்தர் பாட்டுன்னு சேர்ந்துக்குவாங்க. தளத்துல கொஞ்சம் இலவசம், மத்தது காசு. பட்டாடாப்பும் நல்லா இருக்கும், கீபோர்டுல எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒரு சத்தமும் ஒரு உருவமும் வரும். அஞ்சாறு வயசுப் பிள்ளைக்குக்கூட குடுக்கலாம்.

சுபா_கும்பகோணம்:

மணி சார், ஸ்பெக்ட்ரோகிராம் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். சாங் மேக்கரைப் பற்றி எனக்குக் கவலை உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள்.

இந்தத் தளங்களில் எதைத் தொட்டாலும் இனிமையாக இருக்கிறது. ஏன் என்று பார்த்தால், அபஸ்வரம் வரக்கூடிய இடங்களையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். பென்டாடானிக் என்ற ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது ச ரி க ப த, நம்முடைய மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள். மத்யமமும் (ம) இல்லை, நிஷாதமும் (நி) இல்லை. அரை ஸ்வர இடைவெளி எங்குமே வராது, அதனால் எந்த இரண்டை ஒன்றாக அடித்தாலும் உறுத்தாது. பிள்ளை தவறு செய்யவே வழியில்லை. தவறு செய்ய வழியில்லாத இடத்தில் காது எப்படி வளரும்? முதல் பாடமான சரளி வரிசையில் ஒரு பிள்ளை காந்தாரத்தை (க) கொஞ்சம் இறக்கிப் பாடும். நாம் தம்பூராவைக் கேளு என்போம். அது தானாகவே சரிசெய்துகொள்ளும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஆறு மாதம் சரளி வரிசை பாட வைக்கிறோம்.

இரண்டாவது, கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது. கட்டத்தில் சுரம் ஒரு புள்ளி. புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டுக் கோலம் முடிந்தது என்று எழுந்து போகிற மாதிரி இருக்கிறது. மோகனத்து ஐந்து சுரத்தையும் நேர்நேராக வாசித்தால் அது மோகனம் ஆகாது.

பிள்ளைகள் விளையாடுவதை நான் தடுக்கவில்லை. அதை இசைப் பாடம் என்று டைம்டேபிளில் எழுதும்போதுதான் எனக்கு வலிக்கிறது.

ராம்_கோடர்:

சுபா அம்மா சொன்னதில் ஐந்து சுர விஷயம் மிகச் சரி. அது வேண்டுமென்றே செய்ததுதான். 2009-ல் ஆந்திரே மிஷெல் செய்த டோன் மேட்ரிக்ஸ்தான் பலருக்கும் முன்மாதிரி: 16-க்கு 16 கட்டம், ஐந்து சுர ஸ்கேல், எங்கே சொடுக்கினாலும் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கட்டத் தளங்கள் அதன் பிள்ளைகள். ஆனால் சாங் மேக்கரின் செட்டிங்ஸில் மேஜர், குரோமாட்டிக் இரண்டும் இருக்கின்றன. குரோமாட்டிக் போட்டால் பன்னிரண்டு சுரமும் வரும், தாராளமாகத் தவறு செய்யலாம். மணி சார் அடுத்த முறை அதில் விட்டுப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்றும் பிள்ளைகளிடம் சொல்லலாம். இந்தத் தளங்களில் பல, பதிவு செய்த சத்தத்தை மட்டும் ஓட்டுவதில்லை. பிரவுசரே அலையை உண்டாக்குகிறது. அதற்கான வசதிக்குப் பெயர் வெப் ஆடியோ. 2011-ல் முதல் வரைவு வந்தது, 2021 ஜூனில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை முறையான தரமாக அறிவித்தது. நிரல் எழுதுகிறவருக்கு அது ஒரு எலக்ட்ரானிக்ஸ் மேசை மாதிரிதான் தெரியும்: அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஒன்று, அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று, வடிகட்ட ஒன்று, கடைசியில் ஸ்பீக்கர். ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். ஆஸிலேட்டருக்கு நான்கு வடிவம்: சைன், சதுரம், ரம்பம், முக்கோணம். மியூசிக் லேபின் ஆஸிலேட்டர்ஸ் பக்கத்தில் நான்கையும் பொம்மை முகமாக வைத்திருக்கிறார்கள், மேலே கீழே இழுத்தால் சுருதி மாறும். சைன் ஏன் மொழுக்கென்று இருக்கிறது, சதுரம் ஏன் மூக்கால் பேசுகிறது? சைனில் ஒரே ஒரு அதிர்வெண். சதுரத்தில் அதன் 3, 5, 7 மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. இதை ஸ்பெக்ட்ரோகிராமில் பிடித்துக் காட்டினால் உங்கள் பாடப்புத்தகத்துப் படம் உயிரோடு வரும்.

கமகத்துக்கு ஒரு தளம் சொல்கிறேன். பிங்க் ட்ராம்போன், நீல் தாப்பன் 2017-ல் செய்தது. திரையில் மனித வாயின் குறுக்குவெட்டுப் படம். நாக்கை மவுஸால் இழுத்தால் ஆ, ஈ, ஊ என்று உயிரொலி மாறும், உதட்டை மூடினால் சத்தமும் மூடும். கீழே குரல்வளைக்கு ஒரு பட்டை: இடம் வலமாக இழுத்தால் சுருதி வழுக்கிக்கொண்டே போகும், படிக்கட்டே கிடையாது. முதலில் 'பிட்ச் வாபில்' என்ற பட்டனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் தானாக நடுங்கும்.

லயம்_யாழ்:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலை மிருதங்கம் படிப்பிக்கிறன். மணி அண்ணை, உங்கட ஸ்பெக்ட்ரோகிராமிலை ஒரு மிருதங்கத்தைக் கொண்டுவந்து வாசிச்சுப் பாருங்கோ. உங்கட பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை ஆரெண்டாலும் வித்துவான் இருப்பார்.

ஏன் சொல்லுறன் எண்டால், வெறும் தோலை இழுத்துக் கட்டி அடிச்சால் வாற அதிர்வெண்கள் ஒண்டுக்கொண்டு ஒட்டாது. அடிப்படை 1 எண்டால் அடுத்தது 1.59, பிறகு 2.14, 2.30 இப்படிப் போகும். அதுதான் கனக்கத் தோற்கருவியளிலை சுருதி தெளிவாய்க் கேக்கிறதில்லை. மிருதங்கத்து வலந்தலையிலை, அதுதான் வலப்பக்கத் தோலிலை, நடுவிலை கரணை எண்ட கறுப்புப் பூச்சு போட்டிருக்கு. சோறும் கிட்டக்கல்லுத் தூளும் குழைச்சு, படை படையாய்த் தேச்சுக் காயவிட்டு வைக்கிறது. அந்தக் கனம் நடுவிலை இருக்கிறபடியால் அதிர்வுகள் ஒழுங்குக்கு வந்து 1, 2, 3, 4, 5 எண்டு முழு மடங்குகளாய் விழுது. இதைக் கண்டு எழுதினது சர் சி. வி. ராமன். 1920-லை சிவகாளி குமாரோடை சேர்ந்து 'நேச்சர்' இதழிலை சின்னக் கட்டுரை, 1934-லை விரிவாய் இன்னொண்டு. அவர் கணக்காலையும் கையாலையும் கண்டதை இப்ப ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை பிரவுசரிலை கண்ணாலை பாக்கலாம்.

நான் என்ட மாணவர்களுக்குச் செய்து காட்டினனான். 'மீட்டு' எண்ட அடியை அடிச்சால் கோடுகள் தனித்தனியாய், நேராய் நிக்குது. அதே இடத்திலை ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் வாளியைக் கவிட்டு அடிச்சால் எல்லாம் ஒரு குழம்பல். கரணை தேஞ்ச பழைய மிருதங்கத்திலை கோடுகள் எவ்வளவு விலகுது எண்டு பாக்கிறதிலை என்ட பெடியளுக்கு இப்ப பெரிய ஆர்வம்.

சுபா அக்கா, தாளத்துக்கு சாங் மேக்கர் பிழையில்லை. ஒரு பாருக்கு அஞ்சு அடி எண்டு மாத்தி, ஒண்டிலையும் மூண்டிலையும் கீழ்ச் சத்தத்தை வைச்சால் கண்டசாபு, 'தக தகிட' எண்டு ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளையள் அதுக்கு மேலை கொன்னக்கோல், அதுதான் வாயாலை தாளச் சொல்லு, சொல்லலாம்.

நித்யா_அம்மா:

நடுவுல ஒரு சந்தேகம். ஐபோன்ல திறந்தா படம் எல்லாம் அசையுது, சத்தம் மட்டும் வரல. வால்யூம் ஃபுல்லா இருக்கு.

ராம்_கோடர்:

நித்யா, போனின் பக்கவாட்டில் இருக்கும் சைலன்ட் சுவிட்சைப் பாருங்கள். சைலன்டில் இருந்தால் யூடியூப் சத்தம் வரும், ஆனால் வெப் ஆடியோ சத்தம் வராது. பலரும் தளம் கெட்டுவிட்டது என்று மூடிவிட்டுப் போவது இதனால்தான். இன்னொன்று, பக்கம் திறந்ததும் ஒரு முறை எங்காவது தொட வேண்டும். ஆள் தொடாமல் பக்கம் தானாகச் சத்தம் எழுப்பக் கூடாது என்று பிரவுசர்களில் கட்டுப்பாடு உண்டு. புளூடூத் ஹெட்போன் வேண்டாம், தட்டிய பிறகு காதில் விழக் கேட்கிற அளவுக்குத் தாமதம் ஆகும், தாளமே பிடிபடாது. வயர் ஹெட்போன் போதும்.

மணி சாருக்கும் ஒரு குறிப்பு: லேபில் இருக்கும் சாதாரணக் கீபோர்டில் சில சமயம் மூன்று எழுத்தை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. கீபோர்டின் உள்வயரிங் அப்படி. பிள்ளைகள் கார்டு வாசிக்கும்போது ஒரு சுரம் விழாவிட்டால் வேறு எழுத்துச் சேர்க்கையை முயன்று பாருங்கள்.

நித்யா_அம்மா:

சுவிட்ச்தான்! வந்துடுச்சு. நன்றிங்க. பொண்ணு பிளாப் ஓபரான்னு கூகுளோட பாட்டு விளையாட்டுல உக்காந்துட்டா, இனிமே போன் எனக்கில்ல.

அன்பு_சேலம்:

எனக்குப் பார்வை இல்லை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஒலிக்கென்றே செய்த தளங்கள் என்றால் எங்களுக்குத்தான் முதலில் திறந்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு.

கட்டம் கட்டமான தளங்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே படமாகத் திரையில் வரைகின்றன. என்னுடைய வாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுச் சதுரம். எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது, நான் எந்த வரிசையில் நிற்கிறேன், ஒன்றும் சொல்லாது. சத்தம் வருகிறது, ஆனால் அந்தச் சத்தத்தைச் செய்வது நானில்லை. மணி சார், உங்கள் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை ஒன்று இருந்தால் தயவுசெய்து பட்டாடாப் மாதிரி நேராக எழுத்துவிசையில் இயங்குகிற தளத்தைக் கொடுங்கள். எந்த விசை எந்தச் சத்தம் என்பது விரலுக்கே பழகிவிடும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஸ்ட்ரூடல். டைடல் சைக்கிள்ஸ் என்ற நிரல் மொழியைப் பிரவுசருக்குக் கொண்டுவந்தது. டிரம் அடிகளின் பெயரை வரிசையாக எழுதினால் அது ஒரு சுற்றுக்குள் சமமாகப் பங்கிட்டு வாசிக்கும். நாலு சொல் எழுதினால் நாலு அடி, ஐந்து எழுதினால் அதே சுற்றுக்குள் ஐந்து அடி. இரண்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் ஓர் அடியின் இடத்தில் இரண்டும் ஓடும். அத்தனையும் எழுத்து என்பதால் என் மென்பொருள் அதை வரி வரியாக வாசித்துச் சொல்கிறது. நடையை மாற்றிப் பழக எனக்கு இதைவிட வசதியான இடம் கிடைத்ததில்லை. ஐந்தை நாலுக்குள் அடக்குவது, ஏழை நாலுக்குள் அடக்குவது என்று இரவெல்லாம் போகும்.

சுபா_கும்பகோணம்:

அன்பு அவர்களே, இதை எழுதியதற்கு நன்றி. என்னிடம் பார்வையற்ற மாணவி ஒருத்தி பாடுகிறாள், அவளுக்குக் காட்டுகிறேன்.

ராம் தம்பி, பிங்க் ட்ராம்போனைப் பார்த்தேன். கையால் தைவதத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கி வர முடிகிறது, காந்தாரத்தை அசைக்கவும் முடிகிறது. குரலுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் பாடக் கூச்சப்படும் பிள்ளைக்குச் சுரம் நடமாடுகிற பொருள் என்று காட்டிவிடலாம். அந்த அளவில் மனம் நிறைந்தது.

இப்போது சாங் மேக்கருக்கு வருகிறேன். மணி சார், பிள்ளைகள் அதை விடமாட்டார்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். தம்பூரா இல்லாமல் மட்டும் விடாதீர்கள். போனில் தம்பூரா ஆப் இலவசமாகவே கிடைக்கும்.

பென்டாடானிக்கில் ஒரு சின்ன டியூன் போடச் சொல்லுங்கள், ஆரம்ப சுரம் சி-யாகவே இருக்கட்டும். அது சுற்றிச் சுற்றி ஓடட்டும். டியூனில் எதையும் மாற்றாதீர்கள். தம்பூராவை மட்டும் மாற்றுங்கள். ஒரு கட்டைக்கு, அதாவது சி சுருதிக்கு, வைத்தால் கேட்பது மோகனம். இரண்டு கட்டைக்கு நகர்த்துங்கள், அதே டியூன் மத்யமாவதியாகத் திரும்பும். மூன்று கட்டைக்கு வைத்தால் ஹிந்தோளம். அதில் பஞ்சமம் கிடையாது என்பதால் தம்பூராவில் பஞ்சமத்தை எடுத்துவிட்டு மத்யமம் வைக்க வேண்டும். ஐந்து கட்டைக்கு சுத்த சாவேரி, ஆறு கட்டைக்கு சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான், பண்ணுப்பெயர்த்தல் என்று பழைய பெயரும் உண்டு. மேடையில் ஒரு வித்வான் குரலால் இதைச் செய்து காட்டும்போது பாதிச் சபைக்கு எங்கே மாறினார் என்று புரியாது. இங்கே சுரங்கள் கண்முன் வண்ணக் கட்டமாக அசையாமல் இருக்கின்றன, மாறுவது ஆதார ஷட்ஜம் (ச) மட்டும். பிள்ளைக்கு ஒரே நிமிடத்தில் பிடிபடும்.

கமகம் இல்லாத எலும்புக்கூடுதான் அது. ராகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுரத்துக்குத் தனியாக ஒரு குணம் கிடையாது, ஷட்ஜத்தோடு அதற்கு இருக்கிற உறவுதான் குணம் என்று காட்ட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். மோகனம் ஓடும்போது காந்தாரம் தம்பூராவோடு சேராமல் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். என் காதுக்கு அது தூக்கலாக இருக்கிறது. ராம் தம்பிக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

ராம்_கோடர்:

அம்மா, உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. இந்தக் கட்டத் தளங்கள் எல்லாமே பியானோவின் சம இடைவெளி முறையில் இருக்கின்றன. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் 1.0595-ஆல் பெருக்குவார்கள். ச 261.63 ஹெர்ட்ஸ் என்றால் அவர்களுடைய காந்தாரம் 329.63. தம்பூராவின் கீழ் ஷட்ஜத்திலிருந்து தானாக எழும்பும் காந்தாரம் ஐந்துக்கு நான்கு என்ற விகிதம், அதாவது 327.03. வித்தியாசம் 2.6. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டரை முறைக்கும் கொஞ்சம் மேலாகச் சத்தம் ஏறி இறங்கும். பஞ்சமத்தில் இந்த விலகல் மிகச் சிறியது, அதனால் உறுத்தாது.

மணி சார், இது உங்கள் பாடத்தில் வரும் விம்மல். ஆஸிலேட்டர்ஸ் பக்கத்தை அடுத்தடுத்த இரண்டு டேபில் திறந்து, ஒன்றை மெல்ல நகர்த்தினால் விம்மலின் வேகம் கூடிக் குறைவதைப் பிள்ளைகளே எண்ணலாம்.

பிள்ளைகள் செய்ததைச் சேமிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். நான் மேலே சொன்ன டோன் மேட்ரிக்ஸ், அடோபியின் ஃபிளாஷ் என்ற பழைய பிரவுசர் மென்பொருளில் செய்தது. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷை நிறுத்தியது, அதோடு அந்தக் காலத்து ஒலி விளையாட்டுகள் கொத்துக்கொத்தாகத் திறக்காமல் போயின. சிலவற்றை வேறு ஆட்கள் திரும்ப எழுதினார்கள், சில, ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டிக் காட்டும் ரஃபிள் என்ற எமுலேட்டரில் ஓடுகின்றன. மற்றவற்றில் பிள்ளைகள் போட்ட டியூன்கள் போனது போனதுதான். கூகுள் 2011 ஜூனில் கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பிறந்த நாளுக்கு முகப்பில் ஒரு கிட்டார் வைத்ததே, கம்பியில் மவுஸை வைத்தால் ஒலிக்கும், அதை டூடுல் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாத் தளத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

சாங் மேக்கரில் சேவ் செய்தால் லிங்க் வரும். அந்த லிங்க் அவர்கள் சர்வர் இருக்கும் வரைதான். அதே பக்கத்தில் மிடி (சுரக் குறிப்பு) கோப்பாகவும் வேவ் (ஒலி) கோப்பாகவும் டவுன்லோட் செய்யலாம், இரண்டையும் எடுத்து வையுங்கள். ஜான் நெஸ்கி 2012-ல் செய்த பீப்பாக்ஸ் என்ற பாட்டுத் தளம் வேறு மாதிரி: முழுப் பாட்டும் லிங்க்குக்குள்ளேயே எழுத்தாக இருக்கிறது. சர்வரில் எதுவும் இல்லை. அந்த நீள லிங்க்கை ஒரு நோட்டுக் கோப்பில் ஒட்டி வைத்தால் பாட்டு உங்கள் கையில்.

மணி_காரைக்குடி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சுபா அம்மா சொன்ன தம்பூரா முறையைச் செய்து பார்த்தோம். ஒரு கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு மாற்றியதும் ஒரு பையன், "சார், பாட்டு சோகமாயிடுச்சு, யாரு மாத்துனா?" என்று திரையைத்தான் பார்த்தான். திரையில் எதுவும் மாறவில்லை என்று கண்டதும் எழுந்து வந்து போனையே காதில் வைத்துக்கொண்டான். அதன் பிறகு அவர்களே ஒவ்வொரு கட்டையாக மாற்றி, எந்த எண்ணில் டியூன் வந்து உட்காருகிறது, எதில் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்று சண்டை போட்டார்கள். நாலு கட்டையில் வைத்தபோது இது சரியில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். நான் கேட்கவே இல்லை.

காந்தாரத்தின் விம்மலை எல்லோராலும் கேட்க முடியவில்லை, லேப் ஸ்பீக்கர் அப்படி. ஹெட்போன் போட்ட சிலர் பிடித்துவிட்டார்கள். இரண்டு ஆஸிலேட்டர் வைத்துச் செய்தபோது எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் இருக்கும் மிருதங்க வித்வான் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். லயம் தம்பி, மைக்கை வலந்தலைக்கு எவ்வளவு தூரத்தில் வைப்பது?

லயம்_யாழ்:

அண்ணை, ஒரு முழத்துக்குக் கிட்ட வையுங்கோ, நேருக்கு நேராய் இல்லாமல் கொஞ்சம் சரிச்சு. அதைவிடக் கிட்ட வைச்சால் அடிக்கிற சத்தம் மைக்கை உடைச்சு முழுத் திரையும் ஒரே வண்ணமாய்ப் போகும். மின்விசிறியை நிப்பாட்டிப்போடுங்கோ. முதல் மீட்டு மட்டும், இடந்தலையைத் தொடாமல் வாசிக்கச் சொல்லுங்கோ. பிறகு தொப்பியிலை, அதுதான் அந்த இடந்தலையிலை, ரவை போட முந்தியும் போட்ட பிறகும் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, கீழ்க்கோடு இறங்கிற இடத்தைப் பிள்ளையள் தாங்களாய்க் கண்டுபிடிப்பினம்.